ஆறு நாள் மௌனம்

அக்கா,

நேற்று மாலை பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். “சுபீரியர் டு, இன்ஃபீரியர் டு. பெட்டர் தேன், வொர்ஸ் தேன்.” அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. இறக்கி வைக்கக்கூடக் கை வராமல் நின்றேன். ஒரு பொருள் இன்னொன்றைவிட ஒசத்தியா மட்டமா என்று சொல்லும் வார்த்தைகள், அவ்வளவுதான். ஆனால் இந்த வயதிலும் அவற்றை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. ஏன் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயும் போன தை மாதம் போய்விட்டாய்.

எழுபதுகளின் கடைசி அது. நான் சாலவாக்கத்திலிருந்து பஸ் ஏறி உத்திரமேரூர் போய்ப் பத்தாவது படித்தேன். நீ ஐந்தாவதோடு நின்றவள். வாசலில் நீ நெல் அவிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வார்த்தைகளைத் தமிழ் அர்த்தத்தோடு கத்திக் கத்தி மனப்பாடம் செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மெட்ராஸில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்த மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்ததால், ஏரிக்குக் கீழே இருந்த ஒரு ஏக்கரை மாப்பிள்ளை பெயருக்கே எழுதித் தருவதாக நைனா சொல்லியிருந்தார். நைனா வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே போன நேரத்தில், காலி டம்ளர்களை எடுக்க நான் போனேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். என்னைப் போலத் தாவணி போட்ட பட்டிக்காட்டுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

“கேர்ள் இஸ் இன்ஃபீரியர். பட் த லேண்ட் இஸ் சுபீரியர்” என்றார் மாமா.

மாப்பிள்ளை சிரித்தார். “லேண்ட் ஃபர்ஸ்ட். லேட்டர் வி கேன் செண்ட் ஹர் பேக்.”

பெண் மட்டம், நிலம் ஒசத்தி. நிலம் கைக்கு வந்தபிறகு அவளைத் திருப்பி அனுப்பிவிடலாம். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர்கள் போனதும் நீ கேட்டாய்: “இங்கிலீசுல இன்னாடி பேசிக்கினாங்க?”

“ஒண்ணுல்லக்கா. பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேட்டுக்கினாங்க.”

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. நைனா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் தப்பாகக் கேட்டிருந்தால்? உன் வாழ்க்கையை நானே கெடுத்தவளாகிவிடுவேனே. பொட்டப்பிள்ளையைப் படிக்க வைத்ததால் வந்த வினை என்று நைனா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டால்? தட்டில் சோறு வைத்தால் வாந்தி வந்தது. அம்மா வேப்பிலை அடித்துவிட்டாள்.

ஆறாம் நாள், ஏரியில் துணி துவைக்கும்போது அழுதபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ நைனாவின் வேட்டியைப் பிழிந்துகொண்டே, “தெரியும்” என்றாய்.

“எப்பிடிக்கா?”

“நீ தெனம் கத்துறியே, நான் இன்னா காதை மூடிக்கினா இருந்தேன்? இன்ஃபீரியர்னா மட்டம். எனக்கு அது ஒண்ணு போதாதா?”

“அப்போ நைனா கிட்ட ஏன் சொல்லல?”

“அஞ்சாங் கிளாசு நான். நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீ சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“நான் சொல்லாமலே இருந்திருந்தா?”

நீ வேட்டியை உதறிக் கூடையில் போட்டாய்.

அப்படியே ஈரப் பாவாடையோடு நைனாவிடம் போனோம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் தொடங்கியதும் அவர் கை ஓங்கினார். நீ எனக்கு முன்னால் வந்து நின்று, “அவள அடிக்காத நைனா. அவ சொல்றத முழுசா கேளு” என்றாய். நான் அந்த இரண்டு பேச்சையும் சொல்லி அர்த்தமும் சொன்னேன். அவர் ஓங்கிய கை மெல்ல இறங்கியது. “இன்னொரு தபா சொல்லு” என்றார். சொன்னேன். அன்றைக்கே தரகரிடம் ஆள் அனுப்பினார்: நிலத்தைப் பெண் பெயருக்குத்தான் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் பாய் விரித்திருந்தது. அவர்கள் வந்துவிட்டால் நான் பொய்க்காரி. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. மூன்று பஸ் வந்து போயிற்று. உச்சிப்பொழுதில் நைனா எழுந்து பாயைச் சுருட்டினார்.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவரோடு உனக்குக் கல்யாணம் ஆயிற்று. சண்டையும் சிரிப்புமாக நன்றாகத்தான் வாழ்ந்தாய். ஏரிக்கரையில் நீ பதில் சொல்லாமல் விட்டதை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், எல்லாம் தெரிந்தே அந்த மெட்ராஸ்காரனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பாயா? உன் பதிலுக்குப் பயந்தேன். இப்போது பதில் வராது என்று தெரிந்தும் பயப்படுகிறேன்.

போன வருடம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு இனி வைத்தியம் இல்லை என்றார். உன் பிள்ளைகள் மறைத்துவிடலாம் என்றார்கள். நான் நேராக உன் கட்டிலுக்கு வந்து சொல்லிவிட்டேன். பயம் போய்விடவில்லை, அக்கா. பாதி வார்த்தை விழுங்கித்தான் சொன்னேன். ஆனால் உன்னை ஒரு நாள்கூடக் காக்க வைக்கவில்லை.