பக்கத்து சீட் பிரேக்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று என்னைக் கொல்லப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஆறரை மணி கல்லூரிப் பையன், லாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் கார் போகும் என்று மனதார நம்பினான். எட்டு மணிக்குப் புதுமாப்பிள்ளை. ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் போன், "ஓட்டிக்கிட்டுதாம்மா பேசுறேன்" என்று பெண்டாட்டியிடம் பெருமை. பத்து மணிக்குப் பல் டாக்டர். ஊர் வாயையெல்லாம் பயமில்லாமல் பிளக்கிறவர், சைக்கிளைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

மூன்று பேரையும் என் வலது கால் காப்பாற்றியது. அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கார்களில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஐந்து வருஷமாக அந்தச் சீட்டில்தான் என் குடித்தனம். இத்தனை வருஷத்தில் நானே ஓட்டியதைவிட அடுத்தவர் ஓட்டியதை நிறுத்தியதுதான் அதிகம்.

விமானப்படை அதிகாரித் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். விமானி பிரிவு. ஆகஸ்டில் இருபத்தைந்து முடிகிறது, அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "ஏரோப்ளேன் இருக்கட்டும், மொதல்ல மாடியில காயுற துணிய எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. எத்தனை நாள் லீவு என்று கேட்டார் அப்பா. அவ்வளவுதான் குடும்பக் கலந்தாய்வு.

பிப்ரவரி 14, சனி

இரண்டு வகுப்புக்கு நடுவே காரிலேயே படிக்கிறேன். ஒரு தொட்டியை இரண்டு குழாய் நிரப்புகிறதாம், மூன்றாவது குழாய் காலி செய்கிறதாம், தொட்டி எப்போது நிரம்பும்? மூன்றாவது குழாயைத் திறந்தவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தினால் சீக்கிரம் நிரம்பும். அப்படி ஒரு விடை நாலு விடைகளில் இல்லை.

விமானப் படங்கள் வருகிற பகுதி மட்டும் தண்ணீர்பட்ட பாடு. விமானத்துக்குள்ளிருந்து பார்த்தால் தரை இப்படிச் சாய்ந்து தெரிகிறது, அப்படியானால் விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது? ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியில் எது தெரியும் என்று இருநூறு பேருக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவளிடமா இந்தக் கேள்வி?

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுத்துத் தேர்வு முடிந்தது. மூன்றாவது குழாய் வந்தது. திறந்தவன் நாசமாய்ப் போக.

மார்ச் 6, வெள்ளி

பாஸ்! அம்மா நம்பாமல் என் தேர்வு எண்ணை மூன்று தடவை சரிபார்த்தாள். பிறகு ஸ்கூலுக்கு போன் செய்த ஒவ்வொருவரிடமும், கேட்காமலே, நான் ஏற்கெனவே விமானத்தில் பறந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள்.

அடுத்தது என்ன என்று அப்பா கேட்டார். சொன்னேன். மெஷின் டெஸ்ட். திரையில் ஒரு புள்ளி அதன் இஷ்டத்துக்கு அலையும். அதை நடுவில் உள்ள கட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். மேலே கீழே நகர்த்தக் கையில் ஒரு பிடி, இடம் வலம் நகர்த்தக் காலில் இரண்டு பெடல். இந்த டெஸ்ட்டை ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான் செய்ய விடுவார்கள். தோற்றால் தோற்றதுதான்.

"காலுக்கா டெஸ்ட்டு?" என்றார் அப்பா. ஏனோ சிரித்தார்.

மார்ச் 11, புதன்

ஏன் சிரித்தார் என்று இன்று புரிந்தது.

பயிற்சி மையத்தில் அந்த மெஷினைப் போலவே ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர், கீழே இரண்டு பெடல். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மீசைக்காரர்தான் மாஸ்டர். உட்கார்ந்தேன். புள்ளி கொஞ்சம் ஓரமாகப் போனது. என் வலது கால் தடாலென்று மிதித்தது. புள்ளி வலது பக்கம் பாய்ந்து திரையை விட்டே ஓடிப்போனது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் மிதித்தேன். பதினோரு தடவை.

"என்னம்மா, எறும்பு நசுக்குறியா?" என்றார் மீசை.

எறும்பு இல்லை மாஸ்டர், உயிரைக் காப்பாற்றுகிறேன். எது தறிகெட்டுப் போனாலும் மிதி என்பதுதான் இந்தக் கால் படித்த ஒரே பாடம். இத்தனை நாள் சோறு போட்ட கால் இப்போது சோற்றில் மண் போடுகிறது.

மார்ச் 14, சனி

யோசனை வந்துவிட்டது. காலை அடக்க வேண்டும், அவ்வளவுதானே? வகுப்பின்போது இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்வது. அவசரத்துக்குத்தான் ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டுகிறதே. முதலில் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் மட்டும். இன்று நாற்பது விநாடி தாங்கினேன். தொடையெல்லாம் வலி.

மார்ச் 19, வியாழன்

மூன்று நிமிடம்! மையத்தில் புள்ளியும் கட்டத்துக்குள் நிற்கிறது. மீசை தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இடித்துவிட்டோம்.

பல் டாக்டர். பூங்கா ரோடு. ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய்கூட இல்லை, நாய்க்குட்டி. அவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எல்லாரும் செய்கிறதுதான். அதுக்குத்தானே நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்? அதுக்குத்தானே அந்தப் பெடல்?

கால் சீட்டுக்கு அடியில. ரெண்டு காலும். நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கறதுக்குள்ள பூங்கா கேட் தூண் வந்துடுச்சு.

நாய்க்குட்டி தப்பித்துவிட்டது. காரின் மூக்கு உள்ளே போய்விட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த டாக்டரின் வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. அந்தக் கையால்தானே அவர் வேலை செய்ய வேண்டும். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க பிரேக் போடுவீங்கன்னு இருந்தேன்."

திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அப்பா வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். டாக்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி.

"கால் எங்க இருந்துச்சு?"

அவரிடம் இதில் பொய் சொல்ல முடியாது. முப்பது வருஷம் அதே சீட். சொன்னேன்.

"நாளையிலேர்ந்து நீ அந்த சீட்ல உட்காராத."

மார்ச் 28, சனி

என் வகுப்புகளையும் சேர்த்து அப்பாவே எடுக்கிறார். காலை ஆறு மணிக்குப் போனவர் இருட்டின பிறகு வந்தார். என்னோடு பேச்சு கிடையாது. அம்மா எங்கள் இருவருக்கும் நடுவே தட்டு வைத்தபடி, "ஒரு கார்ல ரெண்டு பிரேக்கு, வீட்ல ஒருத்தருக்கும் வாய் இல்ல" என்றாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். இரண்டு வாரம் விடுமுறை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. வீடு மாடியிலேயே. கையில் கட்டோடு அவரே கதவைத் திறந்தார்.

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். தூங்கிவிட்டேன், கால் வழுக்கிவிட்டது என்றெல்லாம் வழியில் ஒத்திகை பார்த்த பொய்கள் வாயில் வரவில்லை. பரீட்சைக்காகக் காலைப் பழக்கிக்கொண்டிருந்தேன், உங்களை வைத்துப் பழக்கினேன் என்றேன். கடைசிவரை கேட்டார்.

"ஓ, பரீட்சைக்கா" என்றார்.

டீ சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. படியிறங்கி வந்து, தெருவில் யாருடைய ஸ்கூட்டர் மேலேயோ சாய்ந்து நின்று அழுதேன்.

ஏப்ரல் 11, சனி

மெஷின் டெஸ்ட்டுக்குப் போகவே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஒருத்தர் கையை ஒடித்துவிட்டு வானத்தில் என்ன பறப்பு? அம்மாவிடம் சொன்னேன். "ஒடியல, பிசகிருக்கு" என்று திருத்தினாள். பிறகு, டாக்டர் அடுத்த வாரத்திலிருந்து அப்பாவிடம் வகுப்புக்கு வருவதாக போன் செய்தார் என்றாள். இதை முதலில் சொல்லக்கூடாதா? எங்கள் வீட்டில் எல்லாச் செய்தியும் தாளிப்பு மாதிரி கடைசியில்தான் வரும்.

போகிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

தேர்வு வாரியம். பேரெல்லாம் வாசலோடு சரி, உள்ளே மார்பில் குத்திய எண்தான். நான் பதினான்கு. அறையில் பதினெட்டுப் பேர். பக்கத்தில் இருந்த பதின்மூன்று, சிமுலேட்டர் கேம் விளையாடியே வளர்ந்த பிள்ளை. எப்படி உட்கார வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும் என்று எனக்கு இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தது.

மெஷின் டெஸ்ட்டில் முதல் சுற்று சுமார். இரண்டாவதில் புள்ளி திடீரென்று வலது ஓரத்துக்கு ஓடியது. போச்சு, இப்போது மிதிக்கப்போகிறேன் என்று நினைத்தேன். கால் மிதிக்கவில்லை. இடது பெடல் மட்டும் கொஞ்சமாக உள்ளே போனது. புள்ளி நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது.

பிறகுதான் உறைத்தது. இருபத்துநான்கு நாளாக நான் அந்தச் சீட்டில் உட்காரவில்லை. கால் மறந்துபோயிருந்தது. அப்பா கொடுத்தது தண்டனையா, பயிற்சியா? கேட்டால் சொல்லமாட்டார்.

மாலையில் எண்களை வாசித்தார்கள். ஐந்தே எண்கள். பதினான்கு இருந்தது. பதின்மூன்று இல்லை. பாவம், மூச்சு விட மறந்ததோ என்னவோ.

ஏப்ரல் 23, வியாழன்

நேர்காணல். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, சட்டையில் சுருக்கமே இல்லை, முகத்திலும் இல்லை. சமீபத்தில் வெட்கப்படும்படி என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இதற்குப் பயிற்சி மையத்தில் ஒரு விடை கொடுத்திருந்தார்கள்: "நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தேன்." வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுத் தூண் கதையைச் சொன்னேன்.

"அப்போ உங்களை நம்பி விமானத்த எப்படிக் கொடுக்கறது?"

"அன்னைக்கு ஒருத்தர் என்னை நம்பி ஓட்டுனாங்க சார். நான் என் வேலைய விட்டுட்டு எனக்கு வேண்டியதப் பார்த்தேன். அது எங்க கொண்டுபோய் விடும்னு இப்போ தெரியும்."

அவர் எதையோ எழுதினார். அவர் பேனா ஓடிய வேகத்தைப் பார்த்தால் நல்லதாகவும் இருக்கலாம், இறுதிச் சடங்குக் குறிப்பாகவும் இருக்கலாம்.

மே 5, செவ்வாய்

வாரியம் பரிந்துரைத்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையில் கண், காது, முதுகு எல்லாம் பிரமாதம். கீழ்த்தாடையில் ஒரே ஒரு சொத்தைப் பல். பத்து நாளில் சரிசெய்து காட்டாவிட்டால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்களாம். வானத்துக்கும் எனக்கும் நடுவே இப்போது ஒரு கடைவாய்ப் பல்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அம்மா நேரம் வாங்கிவிட்டாள். யாரிடம் என்று கேட்கவே வேண்டாம். "நம்ம ஸ்டூடன்ட் இருக்கும்போது வேற எங்க போறது?"

மே 7, வியாழன்

அந்த நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் முகமூடியை மாட்டினார். வலது கையில் கட்டு இல்லை. துளைக்கிற மெஷினை எடுத்தார். நியாயமாகப் பார்த்தால் இது அவருடைய முறை. நான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன்.

"வலிச்சா எடது கையத் தூக்குங்க. நான் நிறுத்திடுவேன்."

கொஞ்ச நேரத்தில் சுரீரென்றது. கையைத் தூக்கினேன். பாதியில்தான் போயிருக்கும் கை, அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு வலியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வாயில் பஞ்சு இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் எதையாவது உளறியிருப்பேன். முடித்து அனுப்பும்போது, போன வாரம் லைசென்ஸ் டெஸ்ட்டில் பாஸ் செய்துவிட்டதாகச் சொன்னார். நாய் எதுவும் வரவில்லையாம்.

மே 13, புதன்

பல் தேறிவிட்டது.

ஜூன் 18, வியாழன்

பட்டியல் வந்துவிட்டது. விமானி பயிற்சிக்கு முப்பத்தொரு பேர். நான் இருபத்தொன்பதாவது. எத்தனையாவதாக ஏறினாலும் அதே விமானம்தானே.

ஸ்கூலுக்குப் புது ஆள் சேர்ந்திருக்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி ஹாரனைவிடச் சத்தமாகக் கத்துகிறார். மாணவர்கள் பயத்தில் நன்றாக ஓட்டுவதாக அம்மா சொல்கிறாள். பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை முப்பத்தொரு பெயரையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு எட்டு மணி வகுப்புக்குக் கிளம்பினார்.

ஜூலை 5, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன், கையெழுத்து இப்படித்தான் ஆடும்.

அப்பாதான் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா முன்னால், நான் பின்னால் பெட்டிகளோடு. பச்சை மிளகாய் விலை தொடங்கி விமானத்தில் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது வரை அம்மா வழியெல்லாம் பேசினாள். பெரிய சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. அப்பா காரை எடுத்தார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிட்டது.

அப்பா ஓட்டி ஒரு வண்டி ஆஃப் ஆகி நான் பார்த்ததே இல்லை. எத்தனை ஆயிரம் பேருக்கு அந்த இடது காலை மெதுவாக எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர். பின்னால் வரிசையாக ஹாரன். அம்மாகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் ஆஃப். மூன்றாவது தடவைதான் நகர்ந்தது.

"கிளட்ச் வீக்கா இருக்கு" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

நேற்று சாயங்காலம்தான் அந்தக் காரை ஊர் முழுக்க ஓட்டினேன். கிளட்சுக்கு ஒரு குறையும் இல்லை.

"ஆமாம்பா" என்றேன். "மெக்கானிக்கிட்ட காட்டணும்."