சேற்றில் நசுங்கிய வேர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

லிஷா எழுதுகிறேன். ஆண்டவர் இரக்கத்தால் நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

கனடாவில் நாங்கள் வெட்டுவது ஆஸ்பென் மரம். நம் அம்பூரி ரப்பருக்கு நடுவதுபோல இதற்குக் கன்று நட வேண்டியதில்லை. வெட்டிய மரத்தின் வேரிலிருந்தே புதுக் கன்றுகள் கூட்டமாகக் கிளம்பும். ஆனால் மண் உறைந்திருக்கும்போதுதான் வண்டிகளை உள்ளே விட வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் பிபின் போன வருடம் சேற்றிலேயே விட்டு வேர்களை நசுக்கிவிட்டார். இப்போது அங்கே புல்லும் அழுகல் நாற்றமும்தான்.

போன வாரம் கம்பெனிப் பெரியவர்கள் அந்தக் காட்டைப் பார்க்க வந்தார்கள். பிபின் நம் பாறசாலைக்காரர். நன்றாக முளைத்திருந்த வேறொரு காட்டைக் காட்டிவிட்டு, என்னிடம் மெல்லச் சொன்னார்:

"மக்கா, இதுதான் அந்த இடம்னு நீயும் சொல்லு. நீ நம்ம நாட்டுக்காரியாக்கும்."

"என்னால முடியாது அண்ணா," என்றேன்.

அவர்களை நானே அந்தச் சேற்றுக்கு அழைத்துப் போனேன். பார்த்தார்கள். பூட்ஸைத் தட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு எங்கே என்று பிபினிடம் கேட்டார்கள். அவரும் சிரித்தார்.

பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. கருவி கழுவும் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அஜின் இங்கே வரும்போது சோற்றுக்குத் தேங்காய்ச் சம்மந்திப்பொடி கொடுத்துவிடுங்கள். சின்னப் பொட்டலம் போதும். இப்போது என் மேசையில் வேறு யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் மகள்
லிஷா