தோல்: இயல்பு

எஸ்பன்யோலா, நியூ மெக்சிகோ
9 மே 2016

மதிப்பிற்குரிய டாக்டர் ஹால்வர்சன் அவர்களுக்கு,

நேரில் கேட்காமல் கடிதம் எழுதி உங்கள் மேசையில் வைப்பதற்கு மன்னியுங்கள். உங்கள் அறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் எழுதும் பரிசோதனைக் குறிப்பைப் படித்து, காப்பீட்டு பில்லுக்கு உரிய குறியீடு போடுவது என் வேலை. சென்ற வாரம் வந்த எலோய் மோன்டோயாவின் குறிப்பில் இதயம், வயிறு எல்லாம் பார்த்ததாக இருக்கிறது. "தோல்: இயல்பு" என்றும் இருக்கிறது. அவர் என் அப்பா. அவர் முதுகில் ஒரு கறுப்பு மறு உண்டு. வீட்டில் கேட்டேன்.

"சட்டையக் கழட்டவே சொல்லல, மிஹா, எம் மகளே. டாக்டர் கம்ப்யூட்டரத்தான் உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்குத்தான் ஏதோ சீக்கு போல" என்றார்.

குறிப்பில் உள்ளதை வைத்துத்தான் குறியீடு போட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவை நம்பாமலும் இருக்க முடியவில்லை. நான் எதை வைத்துப் போடுவது?

பணிவுடன்,
டெல்ஃபினா மோன்டோயா

11 மே

அன்புள்ள டெல்ஃபினா,

நல்லவேளை கேட்டீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா உறுப்புக்கும் 'இயல்பு' என்று விழுந்துவிடும். பார்க்காததை நான்தான் அழிக்க வேண்டும், மறந்துவிட்டேன். "தோல்: பார்க்கவில்லை" என்று இப்போது திருத்திவிட்டேன். பார்த்த உறுப்பு ஒன்று குறைவதால் பில் தொகை ஒரு படி இறங்கினால் இறங்கட்டும். இனிக் குழப்பம் இல்லையே?

ஹால்வர்சன்

12 மே

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

திருத்தம் கிடைத்தது. குறியீடு போட்டு அனுப்பிவிட்டேன். பக்கத்து மேசை ஜானிஸ், "ஒரு டாக்டர் தன் தப்ப ஒத்துக்கிட்டு நான் பாத்ததே இல்லடி. கடுதாசிய ஃபிரேம் போட்டு மாட்டு" என்றாள். நானும் சிரித்தேன்.

குறிப்பில் இப்போது பிழை இல்லை. நீங்களும் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னீர்கள். பிறகும் ஏன் மனம் அடங்கவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. பில்லைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேனா என்றும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த மறு பயறு அளவு இருந்ததாக அம்மா சொல்கிறாள். இப்போது அவரை விதை அளவு இருக்கிறது. ஓரமும் ஒழுங்காக இல்லை. "மொளகா வயல்ல வெயில் பட்டது, சும்மா விடுங்கடி" என்று அப்பா எங்கள் இருவரையும் விரட்டுகிறார்.

செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்த மாத்திரைக்காக உங்களிடம் வருவார். அவராக வாய் திறக்கமாட்டார். தயவுசெய்து சட்டையைக் கழற்றச் சொல்லி, அவர் முதுகைப் பாருங்கள், டாக்டர்.

டெல்ஃபினா