பதிமூன்றாம் தகடு

9-6-2025, திங்கள்
இன்று மீன் கம்பெனியில் இருந்தவர்கள்: சூப்பர்வைசர் காசிநாதன், மெக்கானிக் ரவிச்சந்திரன், ஆபரேட்டரான என் மகன் எழில், அவன் பெண்டாட்டி பரிமளா, நான். ஆறாவது ஆள் இல்லை.

தடைக்காலம் முடியுமுன் பிளேட் கூலரைக் கழற்றிக் கழுவினோம். நாற்பது தகடு. மீன்முள் போல வரி. ஒன்றில் முள் மேலே பார்த்தால் அடுத்ததில் கீழே. ஒரு சந்தில் அம்மோனியா, அடுத்ததில் உப்புத்தண்ணீர். இரண்டும் கலக்காது, தண்ணீரின் சூடு மட்டும் தகடு வழியாக அந்தப் பக்கம் போய்விடும். எனக்கும் பக்கத்து வீட்டு ஆராயிக்கும் ஒரே சுவர். பேசி இருபது வருஷம். அவள் அடுப்பு மூட்டினால் என் சுவர் சுடுகிறது.

வரிசை மாறாதிருக்க ரவிச்சந்திரன் முதலிலேயே விளிம்புகளின் மேல் சாய்வாகப் பச்சைக் கோடு இழுத்திருந்தான். நான் தேய்த்தேன், பரிமளா எடுத்துக் கொடுத்தாள், எழில் மாட்டினான்.

16-6, திங்கள்
இறால் வந்தது. மெஷினை ஓட்டினால் தண்ணீர் குளிரவில்லை, அடியில் ஒழுகுகிறது. காசிநாதன் பரிமளாவிடம், "இன்னாம்மா, தகட்ட தலகீழா குடுத்துட்டு கம்முனு கீற? நாளைலேருந்து வராத." எனக்கும் அவள் மேல்தான் சந்தேகம். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத்தை இடக்கையால் வாங்கியவள்.

17-6
கூலரைப் போய்ப் பார்த்தேன். பச்சைக் கோடு முழுசாக இருக்கிறது. ஆனால் பதிமூன்றாம் தகட்டில் மட்டும் பச்சை புதுசாக மினுக்குகிறது. மறுபக்கம் போனேன். அதே தகட்டில் துடைத்த கறை. தகடு தலைகீழானதால் கோடு பக்கம் மாறியிருக்கிறது. எவனோ அதைத் துடைத்து இங்கே புதிதாகப் பூசியிருக்கிறான். காசிநாதனா? சுனாமி வருஷம் அரிசி வரிசையில் என்னைத் தள்ளியவன். செய்வான்.

18-6
துவைக்கும்போது எழில் சட்டைப்பையில் கந்தல் துணி. பச்சை. தின்னர் நாற்றம்.

"போன் பேசிகினே மாட்டிட்டேம்மா. டைட் பண்ணப்புறம்தான் பாத்தேன். சொன்னா என் வேலை பூடும்."

"அவ வேலை போச்சேடா?"

"அவ பொம்பள. வூட்ல இருக்கட்டும்."

நான் யாருடா? இருபத்தேழு வருஷம் இறால் உரிச்சுதானேடா உனக்குச் சோறு போட்டேன்?

பரிமளா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

20-6, வெள்ளி
எழில் செய்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். கழற்றினார்கள். பதிமூன்றுதான். "ஆயா கண்ணு கண்ணுதான்" என்றான் ரவிச்சந்திரன். பரிமளாவை மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள்.

சாயந்திரம் டீ கொண்டுவந்தாள். இடக்கைதான். வாங்கிக் குடித்தேன்.

காசிநாதனுக்கு அரிசி வரிசை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆராயியைக்கூட என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன்.

எழிலை மாட்டேன்.