ஒரே மருந்து, இரண்டு கன்னங்கள்

வெற்றிலை வாயோடு சிரித்து என்னை வாசலில் வரவேற்ற என் சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் இருந்தவரை நமக்குள் கடிதப் போக்குவரத்து கிடையாது. போனில்கூட "சாப்டீங்களா, பசங்க நல்லாருக்காங்களா" என்பதோடு சரி. பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் அளந்துதானே பேசிக்கொள்ள வேண்டும்? நீங்கள் போய் ஒரு வருஷம் ஆன பிறகு இப்போது அளவில்லாமல் பேச வந்திருக்கிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். எனக்குத் தலை குழம்பிக் கிடக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

உங்கள் வருஷத் திதிக்கு முந்தின வாரம் சேலத்து டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். என் கன்னத்தில் கட்டி இருந்த சுவடே இல்லையாம். ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சந்தோஷமா வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயைத் தாண்டுவதற்குள் அது வடிந்துவிட்டது. காரிமங்கலத்தில் எனக்குக் கதவைத் திறக்கப் போவது உங்கள் மகள் கவிதா அல்லவா? அவளிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வேன்?

கல்யாணப் பந்தி ஞாபகம் இருக்கிறதா? என் பையன் முருகேசனும் கவிதாவும் மாலையோடு உட்கார்ந்திருக்க, எதிர் வரிசையில் நீங்கள் ஒரு வாய்கூட வைக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். எங்கள் ஆட்கள் யாரோ சீர்வரிசையைக் குறை சொல்லிவிட்டார்கள், அதுதான் கோபம் என்று நான் நினைத்தேன். நானும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன குறை வைத்தோமோ என்று நீங்கள் பதறினீர்கள். உண்மையில் இரண்டு பேருக்கும் கன்னத்துக்குள் புண், காரம் பட்டால் உயிர் போகும். பெண்ணின் அம்மாவுக்குச் சீக்கு என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று நீங்கள் மறைத்தீர்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்யத்தான் மருமகள் எடுக்கிறாள் என்று ஊர் பேசும் என்று நான் மறைத்தேன். கேட்டவர்களிடம் இரண்டு பேரும் சொன்னது பல்வலி. நம்மைப் போன்ற பைத்தியக்காரச் சம்பந்திகள் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

வெற்றிலையோடு புகையிலை போட்டதும் ஒரே மாதிரிதான். உங்களுக்குப் பென்னாகரத்துப் பெட்டிக்கடை, எனக்குக் காரிமங்கலம் சந்தை, அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணம், மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருவருக்குமே புற்றுநோய் அறுத்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் உங்களைப் பார்த்ததும் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். "உங்களுக்குமாங்க?" என்றீர்கள். அந்த ஒரு கேள்வியில் நமக்குள் இருந்த சம்பந்தி மிடுக்கு பாதி கழன்று போனது.

அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகப் போய் வந்தோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து, இம்யூனோதெரபி என்று பெயர் சொன்னார்கள். அடுத்தடுத்த கட்டிலில் படுத்து ஒரே மருந்தை ஒரே அளவில் ஏற்றிக்கொண்டோம். கொஞ்ச நாளில் என் கட்டி சுருங்க ஆரம்பித்தது. உங்களுடையது கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. "உங்களுக்காச்சும் கேக்குதே, அது போதுங்க" என்று துணியால் பொத்திக்கொண்டு சொன்னீர்கள். மனசார சொன்னீர்களா? நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியாது.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. உங்களை முழுசாக எரித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் நோயைக் கண்டுபிடிக்க உங்கள் கன்னத்திலிருந்து எடுத்த துண்டு, மெழுகுக்குள் பதித்து இன்னும் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறதாம். என்னுடையதும் இருக்கிறது. ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவது ஏன் என்று ஆராய்கிறவர்கள் இரண்டையும் கேட்டார்கள். நான் தலையாட்டிவிட்டேன். உங்களுக்காகக் கவிதா, ஆராய்ச்சிக்கு என்பதற்கு மேல் எதுவும் கேட்காமல், சம்மதம் சொன்னாள். அதில் என்ன தெரிந்தது என்பதை டாக்டரம்மா இந்தத் தடவை எனக்கு விளக்கினார்.

"உங்க கட்டிக்குள்ள எதிர்ப்பு அணுக்கள் முன்னாடியே நெறைய புகுந்திருந்துச்சும்மா. கட்டி அதுங்களுக்கு பிரேக் போட்டு நிறுத்தி வச்சிருந்துச்சு. மருந்து அந்த பிரேக்கை எடுத்து விட்டுச்சு."

"எங்க சம்பந்தியம்மாவுக்குங்க?"

"அவங்க கட்டியில அணுக்கள் உள்ளயே போகல. ஓரத்துலயே நின்னுடுச்சு. உள்ள வரவிடாதபடி கட்டி தன்னைச் சுத்தி வேற மாதிரி மூலக்கூறுகளைச் சுரந்திருக்கு. பிரேக்கை எடுத்து என்ன பண்ண, உள்ள வண்டியே இல்லையே."

"நாளைத் தள்ளிப் போட்டதாலீங்களா?"

"தள்ளிப் போட்டது ரெண்டு பேருக்குமே கெடுதல்தான். ஆனா நீங்களும்தானே தள்ளிப் போட்டீங்க?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். ஒரே புகையிலை, ஒரே மருந்து. அவங்களுக்கு மட்டும் ஏனுங்க அப்படி?"

"அது இன்னும் முழுசாத் தெரியலம்மா" என்றார். படித்தவர் தெரியாது என்று ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் குழப்பம் தீரவில்லை.

இது ஆறுதலா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். சாமி செய்தது என்றால் கோயில் வாசலில் நின்று சண்டை போடலாம். டாக்டர் தப்பு என்றால் அவரைத் திட்டலாம். மூலக்கூறை யார் போய்த் திட்டுவது? என் கன்னத்துக்குள் அப்படி ஒரு படை காத்து நின்றது எனக்கே தெரியாது. அதை வரவழைக்க நான் என்ன செய்தேன்? தெருவில் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை இல்லாதவள் நான். நீங்கள் தோட்டத்துக் கோழியைக்கூட அதட்டாதவர். நல்லவர் கெட்டவர் கணக்கு என்றால் கட்டில் மாறிப் போயிருக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் "டாக்டரம்மா என்ன சொன்னாங்க அத்தே?" என்று கவிதா கேட்டாள். "அப்படியேதான் இருக்குதாம் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். முதல் பொய் இல்லை அது. உங்கள் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் நான் ஒரு முறுக்கைக் கடிப்பதை அவள் பார்த்துவிட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. அன்றிலிருந்து, அவள் எதிரில் மட்டும், எனக்கு வாய் திறக்க முடிவதில்லை, காரம் ஒத்துக்கொள்வதில்லை. உங்களுக்குக் காய்ச்சியதுபோலவே உப்பில்லாத அரிசிக் கஞ்சி காய்ச்சி எனக்கும் கொடுப்பாள். பக்கத்தில் முருகேசன் களியும் கொள்ளுக்குழம்புமாக உருட்டிக்கொண்டிருப்பான். நான் முகத்தைச் சுளித்து, முனகி முனகிக் குடிப்பேன். நோயில்கூட அவ்வளவு நன்றாக நான் முனகியதில்லை.

திதிக்குப் பென்னாகரம் வந்திருந்தோம். மறுநாள் உங்கள் மகன் எங்களை ஒகேனக்கல் கூட்டிப் போனான். எல்லோரும் அருவி பார்க்கக் கிளம்ப, கால் வலிக்கிறது என்று நான் மட்டும் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். மீன் பொரிக்கிற வாசனை என்னை உட்கார விடவில்லை. எழுந்து போய் மசாலா தடவி வைத்திருந்ததில் பெரிதாக ஒன்றைக் காட்டி, "நல்லா முறுகலாப் போடும்மா" என்றேன். வாயை அகலத் திறந்து கடித்தேன். எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நான் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் தெரியுமா?

"அத்தே."

கையில் பாதி மீன், வாயில் மீதி. எனக்குத் துணையிருக்கலாம் என்று கவிதா பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள்.

"எப்ப இருந்து நல்லாருக்கீங்க?"

"கொஞ்ச நாளாவே கண்ணு."

"அப்ப அந்தக் கஞ்சி?"

"நீ அன்னிக்கு அழுதியே. அதான்."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மாவுக்குக் கடைசியில ஸ்பூன்கூட உள்ள போகல" என்றாள்.

"ஆமா கண்ணு."

"உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுங்க அத்தே. பொய் சொல்ல மாட்டேன், எரியத்தான் செய்யுது. ஆனா நீங்களும் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அந்த மருந்து யாருக்குமே கேக்காத மாதிரியில்ல இருக்கு?"

நான் நகர்ந்து இடம் விட்டேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் ஒரு மீன் சொன்னாள். பாதி தின்றதும் மீனை அப்படியே வைத்துவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவே சத்தமாக அழுதாள். என் கையெல்லாம் எண்ணெய். அந்தக் கையோடுதான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் எனக்குப் புரிந்த மட்டும் அங்கேயே அவளுக்குச் சொன்னேன். அவளுக்கும் பாதிதான் புரிந்தது. "எங்கம்மா ஒடம்பு சண்டை போடவே இல்லீங்களா?" என்று கேட்டாள். போட வந்தது, உள்ளே விடவில்லை என்றேன். அது சரியான பதில்தானா சம்பந்தியம்மா? நான் பிழைத்தது ஏன் என்று தெரியாதவள், நீங்கள் போனதற்குக் காரணம் சொல்கிறேன்.

மெழுகுக்குள் இருக்கும் உங்கள் துண்டும் என் துண்டும் இன்னும் ஏதாவது சொல்லக்கூடும். சொன்னால் கவிதாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு வருவேன். சொல்லாமலே போனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி உங்கள் மகள் கண்ணெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அவளுக்கு வயிறு எரிகிற நாளில் எரியட்டும், என்னைத் திட்டவும் செய்யட்டும். நான் இலையை விட்டு எழுந்து போக மாட்டேன்.

உங்கள் பெண்ணுக்கு மாமியார், உங்களுக்கு என்றும் சம்பந்தி,
மாதம்மாள்
காரிமங்கலம்