காப்புப் பாட்டில் வெட்டியவை

ஆகஸ்ட் 24, 1993

காலையிலிருந்து காற்று. மேற்கே மலைமேல் மேகம் கட்டி நிற்கிறது, ஊருக்குள் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து மாவு மில்லில் மோட்டார் பழுது. ஸ்டுடியோவில் அபூர்வ அமைதி. வாரம் ஒரு முறை இப்படிப் பழுதானால் நானே போய்த் தேங்காய் உடைப்பேன்.

ஒன்பது மணிக்கே முதலாளி வந்துவிட்டார். செப். 9-ல் மலைக்காற்று கேசட்ஸ் தொடங்கிப் பத்து வருடம். இந்த முறை சும்மா விடக் கூடாதாம். வருடா வருடம் ஆண்டு நாளில் பாடின காப்புப் பாட்டு பத்தையும் வரிசையாக ஒரே கேசட்டில் சேர்க்க வேண்டும். கடைசியில் இந்த வருடத்தது, விருந்தாளிகள் முன்னால் பதிவு செய்து.

"பத்து வருசமா ஒரே பாட்டு, ஒரே புள்ள, ஒரே குரலு. எவன்கிட்ட இருக்கு சொல்லு?"

எவனிடமும் இல்லைதான். பாட்டு அவர் எழுதியது, மலையடி அய்யனார்மேல். இலக்கணம் கேட்கக் கூடாது. தாளம் கிடையாது, சுருதிப்பெட்டி மட்டும். நாலு அடி, ஒவ்வோர் அடியும் ஒரே மூச்சில். அதுதான் அந்தப் பாட்டின் அழகு. பாடுகிறவள் என் தங்கை பாக்கியம்.

வேலை:
ஹெட் துடைக்க ஸ்பிரிட்.
பிளேடு, ஒட்டு டேப்.
ஸ்ரீவில்லிபுத்தூர் கேசட் கடைக்குப் போஸ்டர்.
மாஸ்டர் ரீல் 83 முதல் 92 வரை, பீரோவிலிருந்து.
சலூன்.

ஆகஸ்ட் 26

மாவு மில் ஓடத் தொடங்கிவிட்டது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வேலை.

83. பத்தொன்பது வயது பாக்கியம். கல்யாணம் ஆகவில்லை. முதல் அடியை எடுத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போகிறாள், எனக்குத்தான் மூச்சு முட்டியது. நாலு அடிக்கு நாலே மூச்சு. 84, 85 அப்படியே. 86 கல்யாண வருடம், குரலில் ஒரு கனம் கூடியிருக்கிறது. 87, 88, 89 சுத்தம். 90 சுத்தம். 91, 92 அதைவிடச் சுத்தம். நாமும் நம் தொழிலில் மட்டமில்லை என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

பிறகு ரீல் டப்பாக்களைத் திரும்ப அடுக்கும்போது உள்ளே இருந்த சீட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. எதை எங்கே வெட்டி ஒட்டினேன் என்று குறித்து வைப்பது பழக்கம்.

89: வெட்டு இல்லை.
90: மூச்சு வெட்டு 2.
91: மூச்சு வெட்டு 5.
92: மூச்சு வெட்டு 11.

நாலு சீட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன்.

பக்திக் கேசட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். எனக்கும் அது கௌரவம். சுருதிப்பெட்டி மட்டும் பின்னால் ஓடுவதால் வெட்டினது தெரியாது. 90-ல் ஜலதோஷம் என்று நினைத்தேன். 91-ல் கைக்குழந்தை, தூக்கமில்லை என்று நினைத்தேன். போன வருடம் என்ன நினைத்தேன் என்றே ஞாபகமில்லை. சீக்கிரம் முடித்தாக வேண்டும், அவ்வளவுதான் நினைத்திருப்பேன். ஒரு வருடத்துச் சீட்டை இன்னொரு வருடத்துச் சீட்டோடு வைத்துப் பார்க்கவே இல்லை. நாலு அடிப் பாட்டில் பதினோரு இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறாள், நான் பதினொன்றையும் அறுத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.



ஆகஸ்ட் 27

முதலாளியிடம் சொன்னேன். சீட்டுகளைக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தார்.

"வயசாகுதுல்லப்பா. எனக்கு மாடி ஏறுனா மூச்சு வாங்கலையா?"

"இருபத்தொம்பது வயசு அண்ணாச்சி அவளுக்கு."

"நீ எதுக்கு இருக்க? இந்த வருசம் இருபது வாங்குனா இருபதையும் வெட்டு. கேக்குறவனுக்கு என்ன தெரியப் போகுது?"

கெட்ட மனிதர் இல்லை. பாக்கியத்தின் முதல் பிரசவத்துக்குத் தன் காரைக் கொடுத்தவர். அவருக்குக் கேசட்டில் இருப்பதுதான் பாக்கியம்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

செட்டியார்பட்டிக்கு, பாக்கியம் வீட்டுக்கு. பஸ்ஸில் இடமில்லை, படியில் நின்றே போனேன்.

மாப்பிள்ளை கணேசன் வீட்டில்தான் இருந்தார். டிரைவர் வேலை, மாதத்தில் பாதி நாள் லாரியில். பார்த்ததும் வழக்கம்போல டேப்ரிக்கார்டரைப் போட்டுவிட்டார். போன வருடத்துக் காப்புப் பாட்டு.

"லாரியிலயும் இதேதான் மச்சான். கணீர்னு இருக்குல்ல? எங்க அம்மா கூட இவ இருமுதா, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னா. இந்தா, இதப் போட்டுக் காட்டினேன். நோயாளி இப்படிப் பாடுவாளான்னேன். வாயடச்சுப் போச்சு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பாக்கியம் தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு இருபது எட்டு வைக்கிற தூரம்தான். நடுவில் குடத்தை இறக்கி வைத்தாள். கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். திரும்ப நாலு எட்டு. திரும்பவும் குடம் கீழே, திரும்பவும் கொண்டை. முடி அவிழவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். எத்தனை நாளாக இப்படித் தெருவை ஏமாற்றுகிறாளோ.

அடுப்படிப் பக்கம் தனியாகக் கேட்டேன், மூச்சு வாங்குகிறதா என்று. முதலில் சிரித்தாள். பிறகு மாப்பிள்ளை இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில்:

"நீ வெட்டுதது எனக்குத் தெரியும்ணே. போன வருசம் நான் திக்கித் திக்கித்தான் பாடினேன். கேசட்ட வாங்கிப் போட்டுக் கேட்டா, ஒண்ணுமே இல்ல. சந்தோசமா இருந்துச்சு. நமக்கு ஒண்ணும் இல்ல போலுக்குன்னு நெனச்சிக்கிட்டேன்."

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? டாக்டர்ட்ட போனியா?"

"போனா பாடாதன்னு சொல்லுவாவ. வருசம் பூரா அந்தக் கழிவுப் பஞ்சுக் குடோன்ல தூசிக்குள்ள உக்காந்து பஞ்சு பெறக்குதேன். ஒரு நாளு, அந்த ஒரே ஒரு நாளு, நாலு பேரு என்னைய யாருன்னு கேக்காவ. அதையும் விடச் சொல்லுதியா?"

மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாள். பண்ணவில்லை. பண்ணவில்லை என்பதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31

ஸ்ரீவி. கடையில் போஸ்டர் ஒட்டியாயிற்று. தேரடி வரைக்கும் வரிசையாக. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து:

பத்து ஆண்டுகள்! மாறாத குரல்!

நடுவில் பாக்கியம் படம். 84-ல் எடுத்தது, கன்னமெல்லாம் சதையோடு. பக்கத்துக் கடையில் பால்கோவா வாங்க வந்த ஒருவர் இன்னொருவரிடம், "இந்தப் புள்ள குரல் எங்க வீட்ல தெனம் காலையில கேக்கும்ய்யா."

வீட்டுக்குப் பால்கோவா கால் கிலோ. ரேடியோவுக்கு செல். செருப்பு தைக்கக் கொடுத்தது மறந்தே போயிற்று.

செப். 2

தலைவலி. காற்று நின்றுவிட்டது. ஒரு மாதமாக அடித்த காற்று நின்றதும் ஊரே காதை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி கோபப்பட்டால் வெங்காயம் பொடிப்பொடியாகும்.

"அண்ணன்காரன் நீங்க. கணேசன்ட்ட சொல்லாம என்னத்த ரோசன பண்ணிக்கிட்டு இருக்கிய?"

"சொன்னா, எத்தன வருசமா வெட்டுத மச்சான்னு கேப்பாரு."

"கேக்கட்டும். கேட்டா என்ன?"

உண்மை இதுதான், இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: எனக்குப் பயம். அவள் நோயைப் பற்றி முதல் பயம், என்னைப் பற்றி இரண்டாவது பயம். எது பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

செப். 4

மாப்பிள்ளை லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போயிருக்கிறார். 8-ம் தேதிதான் வருவாராம். தேடிப் போய்த் தெரிந்துகொண்டு வந்தேன். நிம்மதியாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது.

செப். 6

ஒத்திகை. பாக்கியம் புதுச் சேலையில் வந்தாள், விழாவுக்கு முதலாளி கொடுத்தது. பச்சை. ரவிக்கை தோளில் தொளதொள. போன வருட அளவாம்.

சுருதி போட்டேன். முதல் அடி. நடுவில் ஒரு மூச்சு. முடிவதற்குள் இன்னொன்று. இரண்டாம் அடியை எடுக்குமுன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனில் அவள் மூச்சு பக்கத்தில் கேட்கிறது, என் தோள்மேல் சாய்ந்து வாங்குகிற மாதிரி. உள்ளே பனை ஓலை உரசுவதுபோல ஒரு சத்தம். முதல் முறையாக வெட்டுவதற்காக இல்லாமல் கேட்டேன்.

எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு:

"இந்த ஒரு வருசம் மட்டும் வெட்டிருண்ணே. அடுத்த வருசம் நானே போதும்னுருதேன்."

டம்ளரை வாங்கி வைத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். அந்த நகக்கண்ணின் நீல நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப். 8

விளக்கு, மாலை, நாற்காலி இருபத்தைந்து. மைக் சரிபார்த்தேன். மாவு மில்காரரிடம் நாளை பத்திலிருந்து பதினொன்று வரை நிறுத்தச் சொல்லி முதலாளி பேசிவிட்டார். மலையே தெரியவில்லை, அவ்வளவு மேகம்.

மாப்பிள்ளை ஊர் திரும்பிவிட்டார். விழாவுக்கு வருகிறார். பதிவுக்கு முன்னால் அவரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிடுவது. முடிவு செய்துவிட்டேன்.

செப். 9

சொல்லவில்லை. அவர் விருந்தாளிகளுக்கு நடுவில் முன்வரிசையில். முதலாளி அவர் தோளில் கை போட்டு "இவர்தான் பாட்டுக்காரியோட வீட்டுக்காரர்" என்று எல்லாருக்கும் காட்டுகிறார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

பத்து மணி பத்து. பதிவு. முதல் அடி, நாலு துண்டு. இரண்டாம் அடி, கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் அடியில் நின்றுவிட்டாள். சுருதிப்பெட்டி மட்டும் ஓடுகிறது. விருந்தாளிகள் பக்தியில் உருகிவிட்டாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார். நான் டேப்பை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம், ஓடிப் போயிருக்கலாம். கை பழக்கத்தில் லெவலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலாம் அடியை முடித்தாள். எப்படி முடித்தாள் என்று அவளுக்கும் அந்த அய்யனாருக்கும்தான் தெரியும். கதவைத் திறந்து வெளியே வந்து இரண்டு எட்டு வைத்து, மாலை வைத்திருந்த மேஜைமேல் சாய்ந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"பாக்கியம்! ஏட்டி பாக்கியம்!" மாப்பிள்ளையின் குரல்.

முதலாளியின் காரில் ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன். இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

செப். 10

மதுரை. பெரிய டாக்டர் நாளைதான் வருவார். எக்ஸ்ரே எடுத்தாயிற்று. வராந்தாவில் நானும் மாப்பிள்ளையும். இட்லி வாங்கினோம், இருவரும் தொடவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தா மச்சான்." பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

மதியம் முதலாளி போன். பாக்கியம் எப்படி இருக்கிறாள் என்று உண்மையாகவே பதறினார். பிறகு ஒரு இருமல். கடைக்காரர்கள் கேசட் எங்கே என்று கேட்கிறார்களாம். ரீல் மெஷினிலேயே இருக்கிறதாம், நான் வந்து செத்த வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பலாமே.

"வெட்ட மாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப அப்படியே விடுறதா?"

போனை வைத்துவிட்டேன். பத்து வருடத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது வைத்தது இதுதான் முதல் முறை.

செப். 11

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடு நேரம். என்ன வேலை என்று கேட்டார். பஞ்சுக் குடோன் என்றதும் தலையை மட்டும் ஆட்டினார். நுரையீரல் பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?"

"முந்தாநாள்தான் டாக்டர். ஒண்ணுமே இல்ல அதுக்கு முன்னாடி," என்றார் மாப்பிள்ளை. "போன வருசம் கேசட்டு கூட என்கிட்ட இருக்கு. கணீர்னு பாடியிருக்கா."

பாக்கியம் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

"மூணு வருசமா," என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு? வீட்டுக்காரருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். 90-ல் இரண்டு, 91-ல் ஐந்து, 92-ல் பதினொன்று. வெட்டியது யார் என்பதையும் சொன்னேன். டாக்டருக்குப் பாதி புரிந்திருக்காது. மூன்று வருடம் என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அந்தக் கேசட்டக் கேட்டுத்தான மச்சான் நான் சும்மா இருந்தேன்," என்றார்.