மைனி வாங்கித் தந்த இரண்டு துண்டு கீபோர்டு

என் பிரியத்துக்குரிய மைனிக்கு,

நீங்கள் அண்ணனையும் எங்களையும் விட்டுக் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. கடைசியாக உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மணிக்கட்டு வீங்கியதைப் பார்த்து வாங்கித் தந்தீர்களே, இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும் அந்தக் குட்டி கீபோர்டு. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனில் கேட்டீர்கள், "ஏட்டி சாந்தி, பழகிட்டியா?" என்று. "நல்லா பழகிட்டேன் மைனி, கை வலியே இல்ல" என்றேன். அப்போது அது பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. இரண்டே நாள் அடித்துப் பார்த்துவிட்டு எரிச்சலில் தூக்கி வைத்தேன்.

இப்போது கை மரத்துப்போய் காபி டம்ளர் நழுவுகிறது. பழைய கீபோர்டில் இப்படியே அடித்தால் ஆபரேஷன்தான் என்றுவிட்டார் தென்காசி டாக்டர். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கிற என் வேலையில் வேகம்தானே சோறு? நாளைக் காலை பத்து மணிக்குக் கம்பெனியில் ஆன்லைனில் வேகச் சோதனை. தேறாவிட்டால் வேலை போய்விடும்.

பதினைந்து நாளாக நீங்கள் தந்ததைப் பீரோவிலிருந்து எடுத்து இதோடு மல்லுக்கட்டுகிறேன். இங்கிலீஷ் 'B' எழுத்தை நான் எப்போதும் வலது கையால் அடிக்கிறவள். இதில் அது இடது துண்டில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் விரல் நடுவிலிருக்கும் வெறும் மேசையில் போய் விழுகிறது. எண்களுக்குத் தனி வரிசையே கிடையாது, வேறொரு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் எண் விழும். மாத்திரை அளவைத் தேடி அடிப்பதற்குள் டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறார். யோசித்துத்தான் இதைச் செய்தார்களா மைனி?

அம்மா வேறு, மேசையைத் துடைக்கும்போதெல்லாம் இரண்டு துண்டையும் ஒட்டி வைத்துவிடுகிறாள். கேட்டால், "பிரிஞ்சு கெடந்தா பாக்க நல்லாவாட்டி இருக்கு? சேத்துதான வச்சேன்" என்கிறாள். மறுபடி தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்து, உட்கார்ந்து, எழுந்து, திரும்ப உட்கார்ந்து. மேலகரம் ஊர் முழுக்கச் சாரல், எனக்கு மட்டும் வியர்க்கிறது.

நேற்றுப் பொறுக்கமாட்டாமல் பழைய கீபோர்டைச் செருகிவிட்டேன். விரல் பறந்தது, கூடவே வலியும் வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். "என்னத்துக்கு இப்பிடி தவிக்குத? குத்தாலத்துக்கு ஒரு எட்டு போய்க் குளிச்சிட்டு வருவோம், வா" என்றவன் மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். "அவ வாங்கித் தந்தத ஏன் ஓரமா வச்சிருக்க? வாற நர்சுகிட்டல்லாம் அதத்தான் சொல்லிட்டுக் கெடந்தா. எங்க சாந்தி பழகிட்டா, இனி அவளுக்குக் கை வலிக்காதுன்னு."

 பழைய கீபோர்டைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்து, "இத யாருக்காச்சும் குடுத்திரு" என்றேன். அருவிக்குப் போகவில்லை. உங்கள் மேலும் கோபம் வந்தது. என் பொய்யைக் கண்டுபிடித்து நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?

இந்தக் கடிதம் முழுவதையும் நீங்கள் தந்த கீபோர்டில்தான் அடித்தேன். காலையில் தொடங்கினேன், இப்போது விளக்கு வைக்கிற நேரம். நாளை தேறுவேனா, தெரியவில்லை. தேறாவிட்டாலும் இது இனி பீரோவுக்குப் போகாது. அந்த நர்சுகளிடம் நீங்கள் சொன்னது பொய்யாக விடமாட்டேன் மைனி. கொஞ்சம் பிந்திவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை நம்பவைத்த நாத்தனார்,
சாந்தி